கன்றின் பசியும் புட்டி மருந்தும்

மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிக் கடைவீதிகளில் தவிடும் பிண்ணாக்கும் விற்கும் கடை எதற்குள் நுழைந்தாலும், மூட்டைகளுக்கு மேலுள்ள பலகையில் வர்ணப் படம் ஒட்டிய புட்டிகள் அணிவகுத்து நிற்கக் காணலாம். ஒரு புறம் கொழுத்த கன்றின் படம். மறுபுறம் துளசியும் நெல்லியும் மஞ்சளும். ஈரலுக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று எனப் பெயர்கள் பலவாயினும் வாக்குறுதி ஒன்றேதான். இதை ஊட்டினால் கன்று நோயின்றி வளரும். காலத்தில் பருவத்துக்கு வரும். நாளைக்கு நிறையக் கறக்கும். வள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் ஒன்றோ இரண்டோ கறவை வைத்துக் காலம் தள்ளும் குடும்பத்தார் இந்த வாக்குறுதிக்குத்தான் கைக்காசைக் கொடுக்கிறார்கள்.

மூலிகை நமது நாட்டுச் சரக்கு. அதைப்பற்றி ஐயம் எழுப்புவது சுதேசிய தருமத்துக்கு விரோதம் என்று நமது நண்பர்களில் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்நியத் துணியைத் தீயிலிடச் சொன்ன தலைவர்களே, ஆலைத் துணிக்குக் கதர் என்று பெயர் சூட்டி விற்றவர்களையும் கண்டித்தார்கள். நாட்டு மருந்தின்மேல் நமக்குள்ள மதிப்பினாலேயே, அதன் பெயரால் நடப்பதை விசாரிக்க வேண்டியிருக்கிறது. புட்டி நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. அந்தக் கன்று வயிறு நிறையக் குடித்ததா?

கன்று பிறக்கும்போது நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய எதுவுமில்லாமலே பிறக்கிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் கருப்பை வழியாகவே ஓரளவு எதிர்ப்புச் சக்தி சென்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்பு வேறு. அது அந்தப் புரதங்களை உள்ளே விடுவதில்லை. அவையெல்லாம் சீம்பாலில்தான் இருக்கின்றன. சீம்பாலிலுள்ள அப்புரதங்களைக் கன்றின் குடல் அப்படியே இரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும் வசதியும் பிறந்த சில மணி நேரத்துக்கே உண்டு. நேரம் ஆக ஆக வாயில் அடைந்துகொண்டே வந்து, ஒரு நாள் கழிவதற்குள் மூடிவிடுகிறது. அதன்பின் குடம் குடமாகச் சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகுமே தவிரக் கவசமாகாது. ஆகவேதான் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலும், முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கும் உள்ளே சென்றாக வேண்டும் என்று கால்நடை நூலோர் வற்புறுத்துகின்றனர். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஜெர்சிக் கலப்புக் கன்றுக்கு அது இரண்டரை லிட்டர்.

நமது கொட்டில்களில் நடப்பது என்ன? நஞ்சுக்கொடி விழுகிறவரையில் மடியில் கைவைக்கக்கூடாது என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கொடி விழப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆவதும் உண்டு. கன்றின் வாயில் திறந்திருக்கும் பொன்னான நேரமெல்லாம் அந்தக் காத்திருப்பிலேயே கழிகிறது. உண்மையில் கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது பசுவின் உடலில் சுரக்கும் சுரப்பே கருப்பையைச் சுருங்கச் செய்து கொடி விழவும் உதவுகிறது. பழக்கமோ தலைகீழாக நிற்கிறது. இனி, கறந்த சீம்பாலுக்குப் பங்காளிகள் பலர். அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம், வெல்லமிட்டு வேகவைக்கக் கொஞ்சம். பட்டணம் அருகிலிருப்பதால் விலைக்குக் கேட்டு வருவோரும் உண்டு. யாருடைய உணவோ அதற்கு மிஞ்சுவது கடைசிச் சொட்டு. பதினைந்தாம் நாள் அந்தக் கன்று வெள்ளைக் கழிச்சலில் விழுந்தவுடன் வீட்டுக்காரர் கடைக்கு ஓடி மூலிகைப் புட்டி வாங்கி வருகிறார்.

அவரை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. கணக்கைப் பார்ப்போம். 2023 டிசம்பரில் ஆவின் நிறுவனம் பசும்பாலுக்கு உற்பத்தியாளருக்குக் கொடுக்கும் விலை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கன்றுக்கு முதல் மாதம் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்றால் மாதத்துக்கு 75 லிட்டர். 38 ரூபாய்க் கணக்கில் 2,850 ரூபாய். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் குறைத்துக்கொண்டே வந்தாலும் தொகை இன்னும் ஏறும். பிண்ணாக்குக் கடையில் பாக்கி, பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, சொசைட்டிக் கடன் தவணை ஆகியவற்றின் நடுவே இருப்பவர் மடியிலிருக்கும் ரூபாயைக் கன்றுக்கு விட மனம் வராமல் தவிப்பதில் ஆச்சரியமில்லை. சில நூறு ரூபாய்ப் புட்டி அந்தப் பாலுக்கு ஈடாகிவிடும் என்று யாரேனும் சொன்னால் அவர் நம்பத்தானே விரும்புவார்? புட்டி வியாபாரத்தின் மூலதனம் மூலிகையில் பாதி. இந்தத் தவிப்பில் பாதி.

காளைக்கன்றின் கதி இதிலும் கேவலம். உழவுக்கு டிராக்டர் வந்தபின் கலப்பினக் காளைக்கன்றை வளர்க்க ஒருவருக்கும் மனமில்லை. முன்னாளில் சென்னைப் பட்டணத்து வீதிகளில் பால்காரர்கள் பசுவை வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்து கறப்பது வழக்கம். கூடவே கக்கத்தில் வைக்கோல் அடைத்த கன்றுத்தோல் ஒன்றும் வரும். பசு அதை நக்கிக்கொண்டே பால் சொரியும். இறந்த கன்று ஏன் இறந்தது என்று வீட்டுக்காரரும் கேட்டதில்லை, பால்காரரும் சொன்னதில்லை. ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டதாகச் சொல்லப்படும் மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. அந்தச் சிலையைக் கடந்து சென்ற பசுக்களுக்கு முன்னால் எத்தனை வைக்கோற் கன்றுகள் சென்றிருக்குமோ!

மகாத்மா காந்தி இவ்விஷயத்தில் காட்டிய கவலை வெறும் பக்திப் பேச்சன்று. கல்கத்தாவில் பசுக்களிடமிருந்து கடைசிச் சொட்டுப் பாலையும் கறக்கச் செய்த கொடுமைகளைப் படித்தபின் 1912-இல் அவர் பாலையே துறந்தார். 1927-இல் பெங்களூரில் உடல்நலத்துக்காகத் தங்கியிருந்தபோது, அங்கிருந்த சர்க்கார் பால்பண்ணைக்குச் சென்று மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். அவருடைய சீடரும் ரசாயன சாஸ்திரியுமான சதீஷ் சந்திர தாஸ்குப்தா 1945-இல் வெளியிட்ட இந்தியப் பசுவைப் பற்றிய இரண்டு பெரும் பாகங்களுக்கு முன்னுரையும் எழுதினார். பசுவைப் பூஜிப்பதற்கும் பசுவைப் பேணுவதற்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்தவர் அவர்.

இனி மூலிகைக்கு வருவோம். அதற்கு இடமில்லை என்று நாம் சொல்லவில்லை. இடம் உண்டு, அது சிறிய இடமும் அன்று. நமது முன்னோர் மாட்டு வாகடம் என்று தனி நூல்களே செய்து வைத்தார்கள். ஏட்டிலிருந்தவை பின்னர் அச்சிலும் வந்தன. ஆனால் 1903-இல் சென்னைக் கால்நடை வைத்தியக் கல்லூரி சைதாப்பேட்டையில் தொடங்கியது முதல் வெகுகாலம் வரையில் படித்த டாக்டர்கள் வாகடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாகடம் அறிந்தவர்களும் தம் மருந்தைச் சோதனைக்குக் கொண்டு வரவில்லை. ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காமல் மூன்று தலைமுறை கழிந்தது. நஷ்டம் மாட்டுக்கு.

இந்தப் பிணக்கைத் தீர்த்தவர்களில் முதன்மையாகக் கூறத்தக்கவர் தஞ்சையில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், கிராமத்தார் கையாண்ட மருந்துகளைத் திரட்டி, அளவு நிர்ணயித்து, மாடுகளில் கையாண்டு பார்த்து, யாரும் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளும்படி பகிரங்கமாக வெளியிட்டார். பெங்களூரிலுள்ள ஆராய்ச்சியாளர்களும் தேசியப் பால்வள அபிவிருத்தி வாரியமும் சேர்ந்து அவற்றை வட மாநிலங்கள் வரை பரப்பியிருக்கின்றன. மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து மடியில் பூசும் மருந்தை இன்று குஜராத்திப் பால்காரரும் அறிவார். இதில் ரகசியமில்லை, காப்புரிமையில்லை, புட்டியும் இல்லை.

கன்றின் குடற்புழுவுக்கும் அவ்வாறே முறை உண்டு. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, மிளகு, சீரகம், மஞ்சள், வேப்பிலை, பாகல், வாழைத்தண்டு, தும்பை ஆகியவற்றை அரைத்து வெல்லத்தோடு சேர்ப்பது அது. அஞ்சறைப் பெட்டியில் பாதி, வேலியோரத்தில் பாதி. இதிலுள்ள சரக்குகளின் குணத்தை ரசாயன நூலும் மறுப்பதில்லை. பூண்டை நசுக்கினால்தான் அதன் காரச்சத்து உண்டாகிறது. முழுப்பல்லாக வேகவைத்தால் உண்டாவதில்லை. வாகடக்காரர்கள் பச்சையாக அரைக்கச் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறது. ஓமத்திலுள்ள தைமால் என்னும் சத்து குடற்கிருமிகளை அடக்குவது. மஞ்சளின் சத்து குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். அதனோடு மிளகின் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர் இரத்தத்தில் அது இருபது மடங்கு கூடியதை 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் வைத்தியக் கல்லூரியார் பரிசோதித்துக் காட்டினர். மஞ்சள் இருக்குமிடத்தில் மிளகும் இருக்கும்படி அரைத்த பாட்டிகள் அதைக் கணக்கிட்டா அரைத்தார்கள் என்று கேட்டால், பழகிப் பழகித் தெரிந்துகொண்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

எனினும் மூலிகையின் எல்லையையும் தெரிந்துகொள்ளுதல் அவசியம். எருமைக் கன்றுக்கும் பசுங்கன்றுக்கும் ஒருவகை நீண்ட உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்து சேருகிறது. மூன்றாவது வாரத்துக்குள் குடலில் பெருகி, கொத்துக்கொத்தாக அடைத்துக் கொண்டு கொன்றுவிடும். அந்நிலையில் தும்பையையும் வேம்பையும் நம்பி நாள் கடத்துவது அறியாமை. டாக்டர் கொடுக்கும் புழுமருந்து அன்றைக்கே தேவை. கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடம்பின் நீர் வற்றுதலே. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அடிக்கடி ஊட்டாமல் வெந்தயமும் மாதுளந்தோலும் மட்டும் கொடுத்தால் கழிச்சல் நிற்குமுன் கன்று நின்றுவிடும். கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் தடுப்பூசியைத் தவிர வேறு காப்பில்லை. இவ்விரண்டையும் நாட்டைவிட்டே ஒழிக்கும் நோக்கத்துடன் மத்திய சர்க்கார் 2019-இல் 13,343 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து ஊசி போடத் தொடங்கியது. கிடேரிக் கன்றுக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் ஒருமுறை போடவேண்டிய கருச்சிதைவு ஊசியைத் தவறவிட்டால், எந்த மூலிகையும் அதைத் திருப்பித் தராது.

கொடுக்கும் விதத்திலும் ஒரு வார்த்தை. கன்றின் தலையை அண்ணாந்து பிடித்து மூங்கிற் குழாயாலோ புட்டியாலோ மருந்தைக் கடகடவென்று ஊற்றும் வழக்கம் எத்தனையோ கன்றுகளுக்கு யமனாக முடிந்திருக்கிறது. மருந்து மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அரைத்த விழுதைச் சிறு உருண்டையாக்கி, உப்பில் தொட்டு, நாக்கிலும் மேலண்ணத்திலும் தடவுவதே தக்க முறை. பச்சிலை என்பதனாலேயே தீங்கற்றது என்றும் கருதவேண்டாம். இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாடு சுருண்டு விழுவதை உழவர் எவரும் அறிவர். வேலிக்கு வளர்க்கும் சவுண்டல் இலை புரதம் மிகுந்ததாயினும், அளவு மீறினால் மயிர் உதிரச் செய்யும் நஞ்சு அதிலுண்டு.

வளர்ச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். பசுவின் கன்று பிறக்கும்போது அசைபோடும் பெருவயிறு வெறும் பைதான். கன்று குடிக்கும் பால் அதில் விழாமல், ஒரு வாய்க்கால் வழியே நேராக நாலாம் வயிற்றுக்குச் செல்லும். பெருவயிறு எப்போது வேலை செய்யத் தொடங்குகிறதோ அப்போதுதான் கன்று மாடாகிறது. அது எதனால் வளருகிறது என்பதை 1950-களில் அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையார் ஆராய்ந்தனர். செரிக்காத வெற்றுப் பொருள்களை அடைத்துப் பார்த்தபோது வயிறு விரிந்ததேயன்றி உட்புறத் தசைக் காம்புகள் முளைக்கவில்லை. தானியம் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களே அக்காம்புகளை வளர்த்தன. ஆகவே இரண்டாவது வாரத்திலிருந்தே உடைத்த சோளமும் பிண்ணாக்கும் தாது உப்பும் சேர்ந்த கன்றுத் தீவனத்தை ஒரு பிடியாகிலும் வாயில் வைத்துப் பழக்கினால், கன்று சீக்கிரமே பாலை மறந்து புல்லுக்கு வரும். வீட்டுக்காரருக்குப் பாலும் மிச்சமாகும். துவாதசியன்று பசுவுக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடுகிறோமே, அந்த அகத்தியையும், கொல்லைப்புற முருங்கையையும் அரிந்து சற்றே உலர்த்தி, பெருவயிறு வேலை செய்யத் தொடங்கிய கன்றுக்குக் கொடுத்தால், உலர்ந்த எடையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் கிடைக்கும். இதுவும் பச்சிலைதான், ஆனால் இதற்கு வர்ணப் படம் போட யாரும் முன்வருவதில்லை.

மூலிகைச் சேர்க்கை கொடுத்த கன்றுகள் சற்று எடை கூடின, கழிச்சல் குறைந்தது என்று சோதனைகள் சில கூறுவது வாஸ்தவம். அவற்றில் பல சில கன்றுகளைக் கொண்டு சில வாரங்களில் செய்தவை. பலன் காணாத சோதனைகளும் உண்டு. குடலில் கிருமித் தொல்லை இருக்குமிடத்தில்தான் கிருமியை அடக்கும் சரக்கு தன் பலனைக் காட்டும். பாலும் தண்ணீரும் தரையும் சுத்தமாயிருக்கும் கொட்டிலில் அதற்கு வேலை குறைவு. இதே பாடத்தை உலகம் வேறொரு மருந்தினிடம் அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அதன் கதையில் நமது சென்னைக்கும் சிறு தொடர்பு உண்டு.

சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஆந்திர இளைஞர், காந்தியடிகளின் அழைப்புக்கிணங்கி அறுவைச் சிகிச்சை அறையிலும் கதர் அங்கியே அணிந்தார். அதனால் ஆங்கிலேய ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த பட்டமே பெற்றார் என்பது அவருடைய வரலாற்றில் கூறப்படுவது. பின்னர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, அமெரிக்கா சென்று, லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவரானார். 1948-இல் அங்கே ஆரியோமைசின் என்ற கிருமிக்கொல்லி வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவர் காலமானார். அந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் ஆரியோமைசின் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியில் கலந்துகொடுக்க, அவை மளமளவென்று வளர்ந்தன. 1950-இல் அச்செய்தி உலகெங்கும் பரவியது. அன்றுமுதல் கோழி, பன்றி, கன்று என்று நோயில்லாத பிராணிகளுக்கும் கிருமிக்கொல்லியைத் தீனியாகப் போடும் யுகம் பிறந்தது.

விளைவு நாமறிந்ததே. நாள்தோறும் சிறிது சிறிதாக நஞ்சுண்ட கிருமிகள் நஞ்சுக்கே பழகிவிட்டன. ஸ்வீடன் 1986-இல் அவ்வழக்கத்தைத் தடுத்தது. ஐரோப்பிய யூனியன் 2006 ஜனவரி முதல் தேதியோடு வளர்ச்சிக்காகக் கிருமிக்கொல்லி கலப்பதை முழுதும் நிறுத்தியது. அமெரிக்கா 2017-இல் டாக்டர் சீட்டின்றி முக்கியமான மருந்துகளைத் தீனியில் கலக்கக்கூடாது என்றது. மனிதனுக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்தை உணவுப் பிராணிகளுக்குக் கொடுப்பதை நமது சர்க்கார் 2019 ஜூலையில்தான் தடுத்தது. அதற்குப் பின்னும் மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் ஊசி மருந்து வாங்கிக் கன்றுக்குப் போடும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

கிருமிக்கொல்லிக்குக் கதவடைத்த ஐரோப்பியக் கம்பெனிகள் அடுத்தபடியாகத் தேடி வந்தது எதைத் தெரியுமா? ஓமத்தையும் பூண்டையும் மஞ்சளையும்தான். அங்கே இன்று செடிச் சத்துத் தீவனம் என்பது பெரும் வியாபாரம். நம்மிடமிருந்து மிளகுச் சாறும் மஞ்சள் சாறும் கப்பலேறுகின்றன. சரக்குப் போவதில் தவறில்லை. உரிமையும் போக இருந்தது என்பதை மறக்கலாகாது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதைத் தன் கண்டுபிடிப்பென்று சொல்லி 1995-இல் அமெரிக்க சர்வகலாசாலை ஒன்று காப்புரிமை பெற்றது. நமது விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களைச் சான்று காட்டி வழக்காடி 1997-இல் அதை ரத்துச் செய்வித்தது. வேப்பெண்ணெயைப் பற்றி ஐரோப்பாவில் பெற்றிருந்த உரிமை ஒன்று 2000-இல் ரத்தாகி, 2005-இல் அப்பீலிலும் தோற்றது. ஏட்டில் எழுதி வைத்திருந்ததனால் பிழைத்தோம். எழுதாமல் மூடி வைத்த ரகசியம் எவன் கையிலும் சிக்கும். அதனால்தான் பகிரங்கமாக வெளியிடப்பட்ட ஒரு வாகட முறை, பெயர் சொல்லாச் சாறுகள் அடங்கிய பத்துப் புட்டிகளைக் காட்டிலும் தேசத்துக்கு அதிகப் பாதுகாப்பு என்கிறோம்.

வள்ளூரைப் பொறுத்தவரையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. இதை வேறு ஜில்லாக்காரர் எளிதில் உணரமாட்டார். தும்பையும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் வேலியோரத்தில் பறித்துக்கொள்ளலாம் என்று எழுதுவது எளிது. எந்த வேலியோரத்தில்? இங்கே தலா 500 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகளுடன் அனல் மின்நிலையம் நிற்கிறது. அத்திப்பட்டையும் எண்ணூரையும் ஒட்டி வேறு மின்நிலையமும் துறைமுகங்களும், வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகளும் எழுந்துள்ளன. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்திலும் பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலும் நிலக்கரிச் சாம்பல் படிந்து கிடப்பது பல ஆண்டுகளாக வழக்குமன்றம் வரை சென்ற விஷயம். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும் நாடறியும். மின்சாரமும் தொழிலும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் முன்பு மாடு மேய்ந்த புறம்போக்கு எத்தனை ஏக்கர், இப்போது எஞ்சியது எத்தனை என்று கணக்குக் கேட்க மாடு வைத்திருப்பவனுக்கு உரிமை இல்லையா?

நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்செனிக் முதலிய உலோகங்கள் சிறு அளவில் உண்டு. செடி மண்ணிலிருந்து அவற்றை இழுத்துக்கொள்வதும், இலைமேல் தூசியாகப் படிந்து வயிற்றில் சேர்வதும் சாஸ்திரம் அறிந்த செய்தி. வளரும் கன்றின் குடல் ஈயத்தை வளர்ந்த மாட்டைவிட அதிகமாகவே உறிஞ்சும். சாம்பல் மேட்டருகிலும், ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலோரத்திலும் முளைத்த மூலிகையைப் பறித்துக் கன்றுக்கு அரைப்பது, மருந்தோடு நஞ்சையும் அரைப்பதாகும். தற்சமயத்துக்கு வழி வீட்டுக் கொல்லையில் தூய மண்ணிட்ட பாத்தியில் தும்பையும் கற்றாழையும் வேண்டியன வளர்த்துக்கொள்வதே. மேய்ச்சல் நிலம் பறிபோனவனுக்குத் தொட்டியில் செடி வை என்று புத்தி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று எழுதுகிற நமக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

செய்யவேண்டியவற்றுக்குப் பணமோ ஆளோ பெரும் தடையாக இல்லை. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணைக் குடியிருப்பில்தான் இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட அதிகம். இந்த ஜில்லாக் கடைகளில் விற்கும் கன்று மூலிகைப் புட்டிகளை அப்பல்கலைக்கழகம் பகிரங்கமாக விலைக்கு வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது, உலோக நஞ்சு இருக்கிறதா, கன்றுக்கு ஊட்டிப் பார்த்தால் எடை கூடுகிறதா என்று சோதித்து, முடிவைப் பெயரோடும் எண்ணோடும் தமிழில் வெளியிட வேண்டும். நல்ல சரக்கு விற்பவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. வள்ளூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கத்து மண்ணையும் மேய்ச்சல் புல்லையும் கன்றின் இரத்தத்தையும் ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கும் செலவை, சாம்பல் கொட்டுகிறவர்களே ஏற்க வேண்டும்.

பால் கூட்டுறவுச் சங்கங்கள் தாய்மாட்டுக்குக் கலப்புத் தீவனம் கடனாகக் கொடுப்பதுபோலக் கன்றுத் தீவனத்தையும் முதல் மூன்று மாதத்துக்குக் கடனாகக் கொடுத்து, கிடேரி கன்று போட்டுப் பால் ஊற்றத் தொடங்கியபின் பிடித்துக்கொள்ளலாம். சீம்பாலைச் சங்கமே விலைக்கு வாங்குவதில்லை. வெளியார் வாங்குவதையும் உறுப்பினர் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத் தடுக்கச் சங்கத் தலைவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அரசியல் ஊழியர்கள் கிராமங்களுக்குப் போகும்போது கொடியேற்றிக் கூட்டம் போட்டுத் திரும்பாமல், நான்கு கொட்டில்களுக்குள் நுழைந்து, ஒரு மாதத்துக்குள் பிறந்த கன்றுகளின் எண்ணிக்கையையும் உயிரோடிருக்கும் கன்றுகளின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு வரட்டும். அந்த இரண்டு எண்களையும் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் படிக்கட்டும். கால்நடைத் துறை அதிகாரிகள் அப்போது என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை இப்பத்தியிலேயே வெளியிட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.